குடிநீர்ச் சோதனை பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மலர்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டே அவரவர் வீட்டுக் குடிநீரைச் சோதிக்க வைக்கப் போகிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. எந்தச் சோதனைப் பெட்டியை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதுவதற்கு முன், முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தும் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்; இதுவரை உன்னிடம் நான் சொல்லாதது அது.

ஓர் ஆண்டு என் மாணவர்கள் தங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவந்தார்கள். நைட்ரேட் சோதனைத் தாளை நீரில் தோய்த்து, பெட்டியில் சொல்லியிருந்த நேரம் காத்திருந்து, தாளில் ஏறிய இளஞ்சிவப்பை அட்டையோடு ஒப்பிட்டோம். ஒரு மாணவியின் நீர் 10க்கும் 20க்கும் நடுவில் நின்றது. 15 என்று எழுதிக்கொண்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பதால், பாதுகாப்பான நீர் என்று குறித்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பெட்டியை அலமாரியில் வைக்கும்போதுதான் அதன் ஓரத்தில் இருந்த சிறிய எழுத்தைப் பார்த்தேன். அந்த அட்டை காட்டுவது நைட்ரேட்டின் அளவை அன்று, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் அளவை மட்டும். நைட்ரேட்டாக மாற்ற அதை 4.43ஆல் பெருக்க வேண்டும். எங்கள் 15 உண்மையில் 66.

அந்த வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருந்தது. அந்த நீரில்தான் புட்டிப்பால் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நைட்ரேட் குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும்; அளவு மிஞ்சினால் குழந்தையின் உடல் நீலம் பாரித்துவிடும். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். "நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்" என்றார் அந்தத் தாய். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும் என்று அவருக்கு விளக்கும்போது என் குரல் நடுங்கியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீரை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தத் தாளை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, நீரைச் சந்தேகிப்பதற்கு முன் தங்கள் எண்ணைச் சந்தேகிக்க உன் மாணவர்களைப் பழக்கு. முதல் நாள் வெளியிலிருந்து எந்த நீரும் வேண்டாம். ஒரே பாத்திரத்து நீரை ஐந்து குழுவுக்கும் பிரித்துக் கொடு. ஒரே நீர் என்பதைச் சொல்லாதே. ஐந்து விடைகளையும் கரும்பலகையில் எழுதும்போது, ஒரு குழு 10 என்றும் இன்னொரு குழு 25 என்றும் சொல்லியிருக்கும். அந்த இடைவெளிதான் அவர்களுடைய கையின் பிழை. அதைக் கண்ணால் கண்ட பிள்ளைகள், பிறகு 12க்கும் 14க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். நீர் எடுக்கப் போகும் நாளில் காய்ச்சி வடித்த நீரையும் கூடவே கொண்டுபோய், அங்கேயே ஒரு புட்டியில் ஊற்றி, மற்ற மாதிரிகளோடு அதையும் அதே முறையில் சோதிக்கச் சொல். அந்த வெற்று மாதிரியில் ஏதாவது தென்பட்டால், அது குழாயிலிருந்து வந்ததன்று, புட்டியிலிருந்தோ கையிலிருந்தோ வந்தது.

நீரை எடுக்கும் முறை கேள்விக்குக் கேள்வி மாறும் என்பதைப் பிள்ளைகள் எளிதில் ஏற்கமாட்டார்கள். எடுத்துக்காட்டாக, நச்சு உலோகமான ஈயத்தைப் பார். அது பெரும்பாலும் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ வருவதில்லை. பழைய ஈயக் குழாய், பற்றவைத்த இணைப்பு, பித்தளைக் குழாய்த் திருகு ஆகியவற்றிலிருந்து, நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் கரைந்து வருகிறது. அதனால் ஆறு மணி நேரமாவது குழாயைத் திறக்காமல் வைத்திருந்து, விடியற்காலையில் முதலில் விழும் ஒரு லிட்டரை அப்படியே பிடிக்க வேண்டும். சில நிமிடம் ஓடவிட்ட பிறகு இன்னொரு புட்டி. முதல் புட்டியில் மிகுந்தும் இரண்டாவதில் குறைந்தும் இருந்தால் குற்றம் வீட்டுக்குள் இருக்கும் குழாயில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு குழாயை ஓடவிட்டுப் "புது நீர்" பிடித்துவரும் மாணவன், தான் தேடிப்போன பொருளையே சாக்கடையில் விட்டுவிட்டு வருகிறான். அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் 2014இல் ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள்; அதனால்தான் பழைய குழாய்களின் ஈயம் வீடுகளுக்குள் வந்தது.

கிருமிச் சோதனைக்கு வேறு முறை. கிருமி நீக்கிய புட்டி வேண்டும். அதைக் கழுவக் கூடாது. குளோரின் சேர்த்த நீராக இருந்தால் புட்டிக்குள் அந்தக் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் சிறிது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிட்டு, நீர் சுத்தம் என்று நம்மை நம்பவைத்துவிடும். பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே சேர்ப்பிக்க வேண்டும்.

பிள்ளைகள் எல்லோரும், நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைத்தான் முதலில் எடுத்து வருவார்கள். அதைப் பறிக்காதே, ஆனால் ஒரு கணக்குப் போடச் சொல். லிட்டருக்கு 500 மில்லிகிராம் காட்டும் நீரில் மீட்டரின் பிழை இரண்டு விழுக்காடு என்றால் அதுவே 10 மில்லிகிராம். ஆர்சனிக் என்ற நஞ்சின் வழிகாட்டு அளவோ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. மீட்டரின் பிழைக்குள் அந்த அளவைப்போல் ஆயிரம் மடங்கு ஆர்சனிக் ஒளிந்துகொள்ளலாம். இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்த வகுப்பு, ஒரு கருவி எதை அளக்கவில்லை என்று கேட்காமல் இருக்காது.

அந்தக் கேள்விக்கு வங்கதேசத்தைவிடத் துயரமான சான்று இல்லை. குளத்து நீரில் பரவும் வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். தெளிந்த, கிருமியற்ற நீர் வந்தது. ஆற்று வண்டலில் இயற்கையாகவே இருந்த ஆர்சனிக்கும் அதில் கரைந்து வந்தது. அதை யாரும் சோதிக்கவில்லை. 1993இல்தான் கிணற்று நீரில் அது கண்டறியப்பட்டது. அக்கறையோடு செய்த வேலைதான் அது. அதனாலேயே இந்தப் பாடத்தை உன் மாணவர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். குளோரின், காரகாடித்தன்மை (pH), கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவற்றுக்கு மட்டும் வகுப்பிலேயே சோதனைப் பெட்டி வைத்துக்கொள். குளோரினை நீர் எடுத்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும், சீக்கிரம் குறைந்துவிடும். ஈயத்தையும் ஆர்சனிக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பு. ஆர்சனிக் பெட்டி சோதனையின்போது நச்சு வாயுவை வெளியிடும். அதன் தாளில் பாதரச உப்பும் இருக்கும். மாணவர் கையில் கொடுக்காதே.

இன்னொன்று. ஏதாவது ஒரு வீட்டு நீரில் அளவு மிஞ்சியிருந்தால், கரும்பலகையில் எழுதாதே. மறுபடி நீர் எடுத்து ஆய்வகத்தில் உறுதிசெய். அதுவரை குழந்தைக்கு வேறு நீர் கொடுக்கும்படி அந்தக் குடும்பத்திடம் நீயே நேரில் போய்ச் சொல். மாணவனை அனுப்பாதே, தன் வீட்டு நீர் கெட்டது என்ற செய்தியைச் சுமந்துபோகும் வயது அவனுக்கு இல்லை.

பெட்டி வந்ததும் நான்கு பக்கமும் படித்துப் பார். அலகு எப்படிப் போட்டிருக்கிறது என்பதை எனக்கு எழுது. முதல் வெற்று மாதிரியில் என்ன வந்தது என்பதையும் எழுது. மற்ற முடிவுகளுக்கு முன் அதற்காகத்தான் காத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா