எண்டோடாக்ஸின் சுரக்கப்படும் நஞ்சு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான பாக்டீரியா நச்சுகள் பற்றிய கட்டுரை, எண்டோடாக்ஸின் எனப்படும் லிப்போபாலிசாக்கரைடை (கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த பொருளை) பாக்டீரியா சுரக்கும் நஞ்சு என்றும், வெப்பத்தால் எளிதில் அழிவது என்றும் கூறியிருந்தது. இரண்டுமே சரியல்ல.

இரு சவ்வுகள் கொண்ட கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களின் புறச்சவ்வில் வெளி அடுக்காகவே அமைந்துள்ள கட்டுமானப் பொருள் இது. பாக்டீரியா சிதையும்போதுதான் பெருமளவில் வெளிப்படுகிறது. காலராக் கிருமிகளை வெப்பத்தால் கொன்ற பின்னும் அவற்றில் நச்சுத்தன்மை எஞ்சியிருப்பதை 1892-இல் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ரிச்சர்டு ஃபைஃபர் கண்டறிந்தார்; எண்டோடாக்ஸின் என்ற பெயர் அவர் வழி வந்ததே.

கட்டுரையாளர் இப்பொருளின் வெளிப்புறச் சர்க்கரைச் சங்கிலியையே விரிவாக வருணித்திருக்கிறார். ஓ-ஆன்டிஜென் எனப்படும் அந்தச் சங்கிலி இனத்துக்கு இனமும், ஓர் இனத்துக்குள்ளேயே வகைக்கு வகையும் மாறுவதும், ஈ.கோலை பாக்டீரியாவின் ஓ157 போன்ற வகைப்பெயர்கள் அதிலிருந்து வருவதும் உண்மைதான். ஆனால் நச்சுத்தன்மை இருப்பது சவ்வில் பதிந்திருக்கும் லிப்பிட்-ஏ என்ற கொழுப்புப் பகுதியில். ஈ.கோலையில் அது, ஒன்றோடொன்று இணைந்த இரு குளுக்கோசமைன் சர்க்கரைகளையும், இரு பாஸ்பேட் தொகுதிகளையும், 12 அல்லது 14 கார்பன் நீளமுள்ள ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகளையும் கொண்டது. அவற்றுள் நான்கு நேரடியாகச் சர்க்கரையில் பிணைந்திருக்க, மற்ற இரண்டும் அந்த நான்கில் இரண்டின் மீது ஏறி அமர்ந்திருக்கின்றன. இந்த எண்ணிக்கை அற்பமானதன்று. நம் நோயெதிர்ப்பு அணுக்களிலுள்ள டிஎல்ஆர்4 ஏற்பி ஆறு சங்கிலி வடிவத்தைக் கண்டதும் கடுமையாகக் கிளர்ந்தெழுகிறது. நான்கு சங்கிலி வடிவத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பிளேக் கிருமி மனித உடல் வெப்பநிலையில் நான்கு சங்கிலி வடிவத்தையே பெரிதும் உருவாக்கித் தப்பிக்கிறது.

லிப்பிட்-ஏயிலுள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்சுமையையே கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பற்றுகிறது. 2015-இல் அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 என்ற பாக்டீரியா மரபணு, அங்கே பாஸ்போஎத்தனாலமைன் என்ற மூலக்கூறைச் சேர்த்து அந்தச் சுமையைக் குறைப்பதால்தான் மருந்து பிடியிழக்கிறது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, 121 டிகிரி செல்சியஸில் இயங்கும் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, லிப்பிட்-ஏயை நம்பகமாக அழிப்பதில்லை. ஊசிமருந்துக்கான கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைப்பது இதனால்தான். ரத்தத்தில் நேரடியாகக் கலந்தால் எண்டோடாக்ஸினின் மிகச் சிறிய அளவும் காய்ச்சலை உண்டாக்கும். மருந்தியல் மாணவர்களும் தங்கள் அறிவியல் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதால், குறைந்தபட்சம் வெப்பம் குறித்த அந்த வரிக்கேனும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்