எதற்கு அழைக்கிறோம் என்று சொல்லி அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பந்தலூர் வட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி நான். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறேன்.

"நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று பள்ளியில் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார்கள். எதற்கு என்று சொல்வதில்லை. பிள்ளை இரவெல்லாம் பயந்து கிடக்கிறது. சில வீடுகளில் விசாரிக்கும் முன்பே அடி விழுந்துவிடுகிறது. கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றால், "கவனமே இல்லை, வீட்டில் பார்ப்பதே இல்லையா?" என்று வகுப்பே கேட்கும்படி ஒரு பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு வந்து ஒரு தாய் என்ன செய்வாள்? பிள்ளையைத்தான் திட்டுவாள்.

இந்த ஆண்டு வந்த ஆசிரியை அப்படியில்லை. வரச்சொன்ன காரணத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினார். உட்காரச் சொல்லி, கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினார். 52இல் 27 போனால் 35 என்று மகன் எழுதியிருந்தான். "ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான், பாருங்கள். கடன் வாங்குவது மட்டும்தான் பிடிபடவில்லை, கூட்டலெல்லாம் சரியாகப் போடுகிறான்" என்றார். பிறகு அவனிடமே, "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்டார். அவன் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்கப் பழக்குங்கள் என்றார். அன்று மாலையே துடைப்பத்திலிருந்து குச்சி உருவி உட்கார்ந்துவிட்டோம்.

பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். வீட்டில் அவர்கள் பேசும் மொழியே வேறு. "புரிந்ததா?" என்றால் தலையாட்டிவிடுவார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் எங்கே தடுக்கிறது என்று தெரியும். வாய் திறக்காத பிள்ளையை மக்கு என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது.

அதே சட்டம்தான் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் கூட்டம் நடப்பது வெள்ளிக்கிழமை பிற்பகலில். அந்த நேரத்தில் நாங்கள் தேயிலைக் காட்டில் நிற்கிறோம். கொழுந்தை எடை போடாமல் இறங்க முடியாது. பிறகு தீர்மான நோட்டு மட்டும் கையெழுத்துக்கு வீடு தேடி வருகிறது. மாலையில் வைக்கலாம் என்றால், இருட்டிய பிறகு யானை நடமாட்டம்.

தோட்டப் பகுதிப் பள்ளிகளிலாவது ஞாயிறு காலையில் கூட்டம் நடத்த மாவட்டக் கல்வி அதிகாரிகள் அனுமதிக்க வேண்டும். ஆசிரியர்களின் விடுமுறை போகும் என்பது தெரியும். அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்புக் கொடுக்கலாம். பெற்றோரை அழைக்கும்போது காரணத்தை ஒரு வரி எழுதி அனுப்பும்படியும் எல்லாப் பள்ளிகளுக்கும் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.