கூப்பிட்டவனைத் தண்டிக்காதீர்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் முதல்வர் அம்மா அவர்களுக்கும்,

வணக்கமுங்க. பொள்ளாச்சி ரோட்டில், உங்கள் கல்லூரிக்கு எதிரே மெஸ் நடத்துகிறவன் எழுதுகிறேன். ஆண்டு விழா முடிந்த ராத்திரி உங்கள் முதலாண்டுப் பையன் ஒருவன் குடித்துவிட்டு மயங்கிச் சாய்ந்தது உங்களுக்குத் தெரியும். விசாரணைக் கமிட்டி போட்டீர்கள், பையன்களிடம் எழுதி வாங்கினீர்கள், மூன்று பேரை சஸ்பெண்ட் செய்தீர்கள். குடித்தது சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. தவறுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: மயங்கிக் கிடக்கிறவனுக்காக உதவி கூப்பிடுகிற மாணவனைத் தண்டிக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

கமிட்டி அறிக்கையில் வராத ஒன்றைச் சொல்கிறேன். அந்த முதலாண்டுப் பையனை விடுதிக்குக் கொண்டுபோகப் பயந்து, என் மெஸ்ஸுக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் சீனியர்களின் அறைக்குத் தூக்கி வந்திருந்தார்கள். சத்தம் கேட்டு நான் ஏறிப்போனபோது பையன் மல்லாக்கக் கிடந்தான். வாயோரம் வாந்தி. உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒருத்தன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வாயில் ஊற்றப் பார்க்கிறான், இன்னொருத்தன் முகத்தில் தண்ணீர் அடிக்கிறான். மூன்றாவது பையன் கையில் போன். திரையில் 108 என்று அடித்து வைத்திருக்கிறான், பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. “காலேஜுக்குத் தெரிஞ்சா டிசி குடுத்துருவாங்கண்ணா” என்று அழுகிறான். எவ்வளவு நேரமாக அப்படியே நின்றானோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

நான் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் அழுத்தினான். வண்டி வந்தது, ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம், பையன் பிழைத்தான். டாக்டர் எங்களிடம் கேட்டது, “ஏன் இவ்வளவு லேட்டு?”

நீங்கள் சஸ்பெண்ட் செய்தது அந்த மூன்று பேரைத்தான். தென்னந்தோப்பில் அவனோடு நின்று ஊற்றிக்கொடுத்துவிட்டு, அவன் சாய்ந்ததும் ஓடிப்போனவர்கள் மறுநாள் வகுப்புக்கு வந்தார்கள். இதிலிருந்து மற்றப் பையன்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று யோசித்தீர்களா ஐயா? விட்டுவிட்டு ஓடு, அதுதான் நல்லது என்று கற்றுக்கொள்வார்கள்.

இந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் மாதிரி சைட் டிஷ் வைத்துக்கொண்டு சாவகாசமாகக் குடிப்பதில்லை. விடுதி கேட்டைப் பூட்டுவதற்குள் திரும்ப வேண்டும். அதனால் தென்னந்தோப்பில் நின்றபடியே, வெறும் வயிற்றில், வாட்டர் பாக்கெட்டைக் கடித்து ஊற்றி மடமடவென்று இறக்குகிறார்கள். 180 மில்லி குவார்ட்டரில் இருப்பது 42.8 சதவீதச் சரக்கு. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். அதைக் கரைத்து முடிக்க ஈரலுக்கு ஆறேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குடித்து முடித்த பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். “தூங்கினா தெளிஞ்சிரும்” என்று விட்ட பையன் தூக்கத்திலேயே வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்துச் செத்துப்போவது இப்படித்தான். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியது எலுமிச்சம்பழம் இல்லை, ஆஸ்பத்திரி.

ரோட்டில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்று பயந்து ஒருகாலத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டே போனோம். 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். நான் கேட்பதும் அதே மாதிரி ஒன்றுதான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-லேயே குடிபோதைக்கு இப்படி ஒரு விதி கொண்டுவந்ததை என் மகள் தேடிக் காட்டினாள். உதவிக்குக் கூப்பிடுவது கூடியதாம். தண்டனை இல்லை என்பதற்காக யாரும் அதிகமாகக் குடித்ததாகத் தெரியவில்லையாம்.

உங்கள் வாசலில் ‘போதையில்லா வளாகம்’ என்று பெரிய போர்டு இருக்கிறது. வருஷா வருஷம் கை நீட்டி உறுதிமொழி, அப்புறம் போட்டோ, மறுநாள் பேப்பரில் செய்தி. எல்லாம் சரி. அந்தப் போர்டு யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாது.

அரசாங்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 21 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது என்பது சட்டம். பதினேழு, பதினெட்டில் சேர்ந்து மூன்று வருஷத்தில் டிகிரி முடிக்கிற பையன், படிக்கிற காலம் கிட்டத்தட்ட முழுக்க டாஸ்மாக் கவுன்டரில் நிற்கவே கூடாதவன். மீசை அரும்பாத முகத்தைப் பார்த்து எவனாவது வயசு கேட்கிறானா? காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று நீலகிரியில் தொடங்கி இந்தப் பக்கமும் கொண்டுவந்துவிட்டார்கள். பாட்டில் பத்திரமாகத் திரும்ப வர வேண்டும் என்று இருக்கிற அக்கறையில் பாதி, அதை வாங்கிப்போன பையன் மேல் இருந்திருக்கலாம். 1921-ல் கள்ளுக்கடை வாசலில் பெண்கள் மறியல் செய்த ஈரோடும், 1937-ல் சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்த சேலமும் இந்த வட்டாரம்தான். இன்று நாம் இருக்கிற லட்சணம் இது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கணும். டாஸ்மாக்கை மூடுவது உங்கள் கையில் இல்லை. இது உங்கள் கையில் இருக்கிறது. உதவி கூப்பிட்டவனுக்கும், யாருக்காகக் கூப்பிட்டானோ அவனுக்கும் அந்த ராத்திரிக்காகத் தண்டனை கிடையாது, கவுன்சிலிங் மட்டும்தான் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். தமிழிலும் போடுங்கள். முதலாண்டு வகுப்பு தொடங்கும் நாளில் பெற்றோர் முன்னால் வாசியுங்கள். ராத்திரி எந்நேரமும் எடுக்கிற ஒரு போன் நம்பரை அதில் சேருங்கள். என் மெஸ் சுவரிலும் ஒட்டுகிறேன்.

அந்த மூன்று பையன்களுக்கும் அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு இருக்கிறது. அதற்குள் சஸ்பென்ஷனை ரத்து செய்து உள்ளே விடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி எதிரே மெஸ் நடத்துகிறவன்