இரண்டாம் பருவ நிறைவும் எட்டாம் வகுப்பு அறை மாதிரிகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றார்கள். கண் பரிசோதனை முகாமும் புத்தகக் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

எட்டாம் வகுப்பின் விடுமுறைச் செயல்திட்டம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கும் ஓவியமும் சேர்ந்த உள் அலங்காரப் பாடம் அது. வீட்டில் ஓர் அறையை அளந்து, 1:20 அளவில் (நிஜத்தில் 20 செ.மீ. இருப்பது படத்தில் 1 செ.மீ.) தரைப்படம் வரைந்து, அதே அளவில் அட்டையில் மாதிரி செய்து, அந்த அறையில் ஒரே ஒரு மாற்றத்தைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

வந்த மாதிரிகள் பலவும் கண்ணைப் பறித்தன. சிக்கலே அதுதான். மூன்று மாதிரிகளில் அதே கட்டில், அதே திரைச்சீலை, அதே மினுக்கு விளக்கு. ஒன்றில் கணப்படுப்புகூட இருந்தது. நம் ஊரில் மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது. ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், பிள்ளை ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது.

பிள்ளை தலைகுனிந்து நிற்கக் கூடாது என்ற அக்கறையில்தான் இப்படிச் செய்திருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் கடையில் வாங்கியதையும் பெரியவர்கள் செய்து கொடுத்ததையும் பிள்ளையின் வேலையாக ஏற்க மாட்டோம். அப்படிப்பட்ட மாதிரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இதற்காக ஆசிரியர்களிடம் பரிந்து பேச வர வேண்டாம். மொத்தம் 40 மதிப்பெண்: அளவுக் குறிப்பேட்டுக்கு 10, தரைப்படத்துக்கு 10, மாதிரிக்கு 10, வாய்மொழி விளக்கத்துக்கு 10. எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் கால்வாசிக்கு மேல் எட்டாது.

அளப்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. எஃகு நாடாவின் நுனிக் கொக்கி ஆடுவதைப் பார்த்துப் பழுது என்று நினைத்துப் பிள்ளைகள் அதை அழுத்திப் பிடிக்கிறார்கள். கொக்கியின் தடிமனை ஈடுகட்டவே அது ஆடுகிறது. அப்படியே விட வேண்டும். ஒரு சுவரை அங்குலத்திலும் மறு சுவரைச் சென்டிமீட்டரிலும் எடுப்பது இன்னொரு வழக்கமான தவறு. மீட்டரில் வரும் எண்ணை ஐந்தால் பெருக்கினால் மாதிரியின் அளவு சென்டிமீட்டரில் கிடைக்கும். 3.6 மீட்டருக்கு 3 மீட்டர் அறை 18 செ.மீ.க்கு 15 செ.மீ. ஆகும், 2.1 மீட்டர் கதவு 10.5 செ.மீ. ஆகும்.

இந்த அளவு அறையின் உட்புறத்துக்கு. 3 மி.மீ. அட்டையைத் தரையின் ஓரத்துக்கு உள்ளே நிறுத்தினால் இரு பக்கமும் சேர்ந்து 6 மி.மீ. போய்விடும், கடைசியில் கட்டில் நுழையாது. சுவர்களைத் தரை அட்டைக்கு வெளிப்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். தீப்பெட்டியை நிறுத்திப் பீரோ என்கிறார்கள். அதன் உயரம் சுமார் 5 செ.மீ., அதாவது நிஜத்தில் இடுப்பளவு பீரோ. ஆறரை அடி பீரோவுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. வேண்டும். கதவு திறக்க முன்னால் இடமும் விட வேண்டும். பாதிப் படங்களில் பீரோக் கதவு கட்டிலில் இடிக்கிறது! 8 செ.மீ. உயரத்தில் ஓர் அட்டை மனிதனை வெட்டி உள்ளே நடக்கவிட்டால் இந்தப் பிழைகள் தாமாகத் தெரிந்துவிடும்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை, தையல்கடைத் துணித்துண்டு போதும். வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, காயும்வரை புத்தகம் ஏற்றி வையுங்கள்; அதிகம் தடவினால் அட்டை வளைந்துகொள்ளும். தெர்மாகோலில் ரப்பர் பசை வேண்டாம், அரித்துவிடும். கட்டர் பிடிப்பது மட்டும் பெரியவர்கள் வேலை: இரும்பு ஸ்கேலை ஒட்டி, ஒரே அழுத்தாக இல்லாமல் மூன்று நான்கு முறை லேசாக இழுக்க வேண்டும். நாடாவின் மறுமுனையையும் தாராளமாக நீங்கள் பிடிக்கலாம். எதை எங்கே வைப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

சிலர் வேறொரு தயக்கத்தில் கடைக்குப் போயிருக்கலாம். சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் ஒரே அறையில் நடக்கும் வீட்டைக் காட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை. தனிப் படுக்கையறையைவிட அதை வடிவமைப்பதுதான் கடினம். பாயைச் சுருட்டியதும் படிக்கும் இடமாகும் மூலையை அளவோடு காட்டும் படம் முழு மதிப்பெண்ணுக்குத் தகுதியானது.

திருத்திய மாதிரிகளைப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தால் போதும். மதிப்பெண் குறைக்க மாட்டோம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது சுவரோரச் சாமான்கள் நகர்ந்திருக்கும், அளக்க அதைவிட வசதியான நாள் கிடைக்காது. நாடா இல்லாதவர்கள் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கோணலாக இருந்தாலும் பிள்ளையின் கைவேலையை அப்படியே அனுப்பிய பெற்றோருக்கும், மூட்டை மூட்டையாகப் பழைய அட்டை கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்