தர்ஸ்டோனி பூத்திருக்கிறது

குன்னூர்,
ஐப்பசி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டபாடில்லை. நீ போனை எடுப்பதில்லை. சரி, வேலை இருக்கும். அதனால்தான் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை, அப்பாவின் தர்ஸ்டோனி பிகோனியாச் செடி பூத்திருக்கிறது.

அதுதான் செத்துப்போயிற்றே என்பாய். டீச்சரம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். போகிற அன்று ஒரு தொட்டியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, "உங்க பொண்ணு ஏழாவது படிக்கிறப்ப கிளை ஒடிச்சுக் கொடுத்தது" என்றார்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? எப்படியோ, கொடுத்தாயே.

என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. இலையின் மேல்பக்கம் எண்ணெய் தடவின வெண்கலப் பானை மாதிரி கரும்பச்சையாக மினுங்குகிறது. புரட்டினால் அதே ரத்தச் சிவப்பு. மற்ற பிகோனியாக்கள் பலதையும்போல இலையில் ஒரு பாதி பெரிசு, ஒரு பாதி சிறிசு. நீ கடித்துப் பார்த்துவிட்டு "புளிக்குதும்மா" என்று முகத்தைச் சுளிப்பாய். பூ சின்னதுதான், இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாக. பார்க்கிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாயங்கால வெயில் விழும்போது செடிக்குப் பின்னால் நின்று அந்த இலையைப் பார்க்கத் தெரிந்தது உனக்கும் அப்பாவுக்கும்தான்.

அப்பாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 1887-இல் உண்டாக்கிய கலப்பினமாம். மெட்டாலிக்கா, சங்குயினியா என்று இரண்டு பிரேசில் செடிகளைச் சேர்த்தது. விதை போட்டால் இதே செடி வராது, கிளையை ஒடித்து வைத்தால்தான் வரும். அப்படியென்றால் எந்த ஊரில் தர்ஸ்டோனி இருந்தாலும் அந்த முதல் செடியின் கிளைதான் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

சாப்பிடுகிறாயா? ராத்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை. பெரியத்தை ஏதோ சொன்னாள், அவள் பேச்சை நான் என்றைக்கு நம்பினேன்? ஒருவேளை வேறு வீடு பார்க்கிறாய் என்றால் கிழக்குப் பார்த்த பால்கனியாகப் பார். காலை வெயில் போதும், உச்சி வெயில் பட்டால் இலை தீய்ந்துவிடும். செடிக்குச் சொல்கிறேன். நுனியைக் கிள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். நெருக்கி வைக்காதே, காற்று ஓடாவிட்டால் சாம்பல் நோய் வரும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்று. ராத்திரி ஏதாவது சமைத்துச் சாப்பிடு.

தண்ணீர் என்று எழுதியாயிற்று, சொல்லிவிடுகிறேன். அந்தச் செடியை நீ சாகடிக்கவில்லை. எட்டாவதில் நீ டூர் போன வாரம், இலை வாடுகிறதே என்று இரண்டு வேளையும் நான்தான் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இன்னும் வாடியது. கடைசியில் தண்டைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. அப்பா கேட்டபோது, பாப்பாதான் போகும்போது வாளி வாளியாக ஊற்றிவிட்டுப் போனாள் என்றேன். பத்து நாள் அவர் உன்னோடு பேசவில்லை. நீயும் இல்லையென்று சொல்லவில்லை. நீயே அப்படித்தான் என்று நம்பிவிட்டாயோ என்னவோ.

சித்திரையில் நீ போனில் அழுதபோது, ஒரு செடியைக் காப்பாற்றத் தெரியாதவள் நீ என்று ஆரம்பித்தேனே, அதை எந்த வாயால் சொன்னேன்? அவரிடம் கடைசிவரை நான் உண்மையைச் சொல்லவே இல்லை, பாப்பா.

மூன்று கிளை ஒடித்து டம்ளரில் வைத்திருக்கிறேன். ஒன்று வேர் விட்டிருக்கிறது. கொரியரில் போட்டால் முறிந்துவிடும். நானே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் வந்துவிடுவேன், எனக்கொன்றும் சிரமமில்லை. வீட்டு விலாசம் மாறியிருந்தால் எழுது.

அம்மா