கோப்பையை எண்ணுவதில் உள்ள வில்லங்கம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனிமேலாவது ராத்திரி கண்விழித்து மேட்ச் பார்க்காதே என்றால் கேட்கிற ஆளா நீ! இங்கே ஓய்வு பெற்றதிலிருந்து டிவி ரிமோட் பேரன் கையில். எனக்குக் கிடைப்பது மறுநாள் ஹைலைட்ஸ்தான்.

"கோபா டெல் ரே என்றால் பார்சிலோனா, 32 தடவை, பேச்சே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். ஸ்பெயின் கிளப்புகள் ஆடும் அந்தக் கால்பந்துக் கோப்பையைப் பொறுத்தவரை கணக்கு சரிதான். 2025 ஏப்ரலில் செவில்லியாவில் கூடுதல் நேரத்தில் பார்சிலோனா வீரர் கூண்டே அடித்த கோலால் ரியல் மாட்ரிட்டை 3-2 என்று வென்றது 32-வது. அத்லெடிக் பில்பாவோவுக்கு 24, மாட்ரிட்டுக்கு 20. ஆனால் இதை எண்ணுவதிலேயே எத்தனை தகராறு தெரியுமா?

1902-இல் பதினாறு வயதுப் பையனான ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்ஸோ அரசுப் பொறுப்பேற்றபோது மாட்ரிட்டில் ஒரு போட்டி நடத்தினார்கள். பில்பாவோவின் இரண்டு கிளப்புகள் 'பிஸ்காயா' என்ற பெயரில் ஒன்றாகச் சேர்ந்து வந்து பார்சிலோனாவை 2-1 என்று தோற்கடித்தன. கோப்பை இன்றும் அத்லெடிக்கின் மியூசியத்தில் இருக்கிறது. கால்பந்து சம்மேளனமோ 1903-இலிருந்துதான் எண்ணும். அதனால் பில்பாவோக்காரனைக் கேட்டால் 25 என்பான். 1929-இல் லீக் தொடங்கும்வரை இந்தக் கோப்பையை வென்றவனே ஸ்பெயினின் சாம்பியன் என்பதால் அவன் பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

அதைவிடப் பெரிய வழக்கு வலென்சியா நகரத்தின் இன்னொரு கிளப்பான லெவாந்தேயுடையது. 1936 ஜூனில் வலென்சியாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மாட்ரிட் 2-1 என்று பார்சிலோனாவை வென்றது. கடைசி நேரத்தில் பார்சிலோனாவின் எஸ்கோலா அடித்த பந்தைப் புழுதிக்குள் விழுந்து மாட்ரிட் கோல்கீப்பர் ஸமோரா பிடித்தானே, அதே ஆட்டம்தான். ஒரு மாதத்துக்குள் உள்நாட்டுப் போர் வெடித்தது. மறுவருஷம் குடியரசுப் படைகளின் கையிலிருந்த பகுதியில் மட்டும் 'சுதந்திர ஸ்பெயின் கோப்பை' நடந்தது. பார்சிலோனா அப்போது மெக்சிகோவுக்குச் சுற்றுப்பயணம் போயிருந்தது. 1937 ஜூலை 18, போர் தொடங்கிச் சரியாக ஒரு வருஷம். அன்றைக்கு லெவாந்தே 1-0 என்று வலென்சியாவை வென்றது. குடியரசை எதிர்த்துப் போரில் ஜெயித்த ஃபிராங்கோ 1939-இல் கோப்பைக்கே 'ஹெனராலிஸிமோ (தலைமைத் தளபதி) கோப்பை' என்று தன் பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். எதிர்த்தரப்பு நடத்திய போட்டியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? 2007-இல் நாடாளுமன்றமே கேட்டுக்கொண்டும் சம்மேளனம் அசையவில்லை. 2023-இல்தான் அங்கீகரித்தது. ஆடியவர்கள் காது கேட்க யாரும் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நீ ரசிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். 1980 இறுதியில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்தது அவர்களுடைய ரிசர்வ் அணியான காஸ்டீயா! அண்ணன் தம்பியை 6-1 என்று புரட்டி எடுத்தான். மாட்ரிட் லீக்கையும் வென்று லீக் சாம்பியன்களின் ஐரோப்பியப் போட்டிக்குப் போய்விட்டதால், ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டிக்குத் தம்பி போய் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாமோடு ஆடினான்.

மாட்ரிட் ரசிகரான உன் மச்சானிடம் 2002 மார்ச் 6 பற்றிக் கேட்டுப் பார். கிளப்புக்கு நூறு வயது நிறைந்த அதே நாளில், சொந்த மைதானமான பெர்னபேவில், கோப்பை இறுதியில் கலீசியாவின் டெபோர்திவோ கிளப்பிடம் 2-1 என்று தோற்றார்கள். கலீசியாவில் அதற்கு 'சென்டெனாரியாஸோ' (நூற்றாண்டு அடி) என்று பெயரே வைத்துவிட்டார்கள். மச்சான் பேச்சை மாற்றுவார் பார்!

என் மனம் மட்டும் அத்லெடிக் பக்கம்தான். பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதியில் பிறந்தவன் அல்லது அங்கே பழகி வளர்ந்தவன் தவிர வேறு யாரையும் எடுக்காத கிளப் 24 தடவை வென்றிருக்கிறது என்றால், 32-ஐவிட அது எனக்குக் கனமாகப் படுகிறது. 1984-இல் மரடோனாவின் பார்சிலோனாவை வென்று, அடிதடியும் நடந்ததே, அதற்குப் பிறகு ஆறு இறுதிகளில் தோல்வி. அதில் நான்கு உன் பார்சிலோனாவிடம். 2024-இல் மயோர்கா அணியை பெனால்டியில் வென்றபோது, நாற்பது வருஷமாகச் சும்மா கிடந்த படகை ஆற்றில் இறக்கி அதில் வீரர்களை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். வீடியோ இருக்கிறது, கண்ணில் மருந்து விடுவது நின்றதும் பார்.

ஜனவரியில் வருவதாகச் சொன்னாயே, வா. இப்போதெல்லாம் இந்தக் கோப்பையின் ஆரம்பச் சுற்றுகள் ஒரே ஆட்டம், அதுவும் சின்ன அணியின் மைதானத்தில். பெரிய அணிகள் திணறுவதை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். பேரனிடம் ரிமோட்டுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். ரயில் டிக்கெட் போட்டதும் தேதி எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்