பேட்ச் போட்ட சர்வருக்கு ஏன் இன்னும் சிவப்பு? தணிக்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்புத் தணிக்கைக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மாத அறிக்கையும் வந்து சேர்ந்தது. டெபியன் (லினக்ஸ் இயங்குதள வகை) சர்வர்கள் அத்தனையிலும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளுக்கு நேரே மறுபடியும் சிவப்பு, அதாவது 'ஓட்டை அடைபடவில்லை' என்ற குறி. போன தடவை அனுப்பிய விளக்கத்தைப் படித்திருப்பீர்கள் என்று நம்பியிருந்தோம்.

சிவிஇ-2024-6387 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) என்ற ஓட்டை ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8-இல் அடைபட்டது, எனவே அதற்குக் கீழே எந்த எண் இருந்தாலும் ஆபத்து. உங்கள் ஸ்கிரிப்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டெபியன் 12-இல் இருப்பது 9.2. அந்த எண் அப்படியேதான் இருக்கும். டெபியன் குழுவினர் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்து 2024 ஜூலை 1 அன்றே வெளியிட்டுவிட்டார்கள். பேக்கேஜின் முழுப் பதிப்பு எண்ணின் வாலில் 'டெப்12யூ3' அல்லது அதற்கு மேல் இருந்தால் திருத்தம் உள்ளே இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் அந்த வாலைத்தான் முதலில் வெட்டி எறிகிறது. டெபியன் 11 இன்னும் வேடிக்கை. அதில் இருப்பது 8.4. இந்தக் கோளாறு மறுபடி உள்ளே வந்ததே 8.5-இல்தான். இல்லாத ஓட்டைக்கு விதிவிலக்குப் படிவம் எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதன் விளைவைக் கேளுங்கள். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் தாங்காமல் ஒருவர் ஒரு சர்வரில் 9.8-இன் மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்து நிறுவிவிட்டார். உங்கள் அறிக்கையில் உடனே பச்சை. ஆனால் அப்படி நிறுவிய ஓபன்எஸ்எஸ்ஹெச், டெபியனில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான ஆப்ட்டின் கணக்கிலேயே இல்லை. அடுத்த ஓட்டைக்குத் திருத்தம் வந்தாலும் அங்கே போய்ச் சேராது, ஆப்ட்டும் ஒரு குறையும் சொல்லாது. தற்செயலாகக் கண்ணில் பட்டது. பழையபடி டெபியனின் பேக்கேஜுக்கே மாற்றினோம். மாற்றிய கையோடு சிவப்பும் திரும்பி வந்துவிட்டது!

நாங்கள் கேட்பது ஒன்றுதான். டெபியன் 11, 12 என ஒவ்வொரு வெளியீட்டையும் அந்த வெளியீட்டுக்கென்று வந்த திருத்தப் பதிப்போடு ஒப்பிடுங்கள். எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் சரியானது, எது பாதிக்கப்படவே இல்லை என்று டெபியன் பாதுகாப்புக் குழு சிவிஇ வாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. ஸ்கிரிப்ட் நேரடியாகப் படிக்கும் ஜேசான் கோப்பாகவே எடுத்துக்கொள்ளலாம், காசும் கிடையாது.

பொய்ச் சிவப்பைவிட எனக்குப் பயம், ஓட்டை இருந்தும் இல்லை என்று காட்டும் பொய்ப் பச்சைதான். பதிப்பு எண்ணை வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினால் 1.10 என்பது 1.9-க்குக் கீழே போய்விடும். முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் வரும் எண்தான் எல்லாவற்றையும் மிஞ்சும் என்பதும், அலைக்குறி (~) வந்தால் பதிப்பு கீழே இறங்கும் என்பதும் அந்த வரிசைக்குத் தெரியாது. டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியிலேயே இதை ஒப்பிடும் கட்டளை இருக்கிறது. அதை அழைத்தால் போதும். சரி, முகப்புத் திரையில் வட்ட வரைபடம் சுழல்வதற்குச் செலவிட்ட உழைப்பில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை அவசியமானது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அடுத்த அறிக்கைக்கு முன்பாவது ஒப்பீட்டை வெளியீடு வாரியாக மாற்றித் தாருங்கள். நாங்கள் பயன்படுத்தும் ஸ்கிரிப்டை அப்படியே தரத் தயார். அதுவரை அந்த விதிவிலக்குப் படிவங்களை நிறுத்தி வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புக் குழுவிலிருந்து